இறக்கை ஆன்டி-ஐஸ் சோதனையும் பராமரிப்பும்: ஹேங்கருக்குப் புதிதாக வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னையிலிருந்து விமானப் பராமரிப்பு படித்துவிட்டு வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பலர். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேராக விமான நிலையத்தில் இறங்கிவிடலாம் என்பதால் இப்போது வருபவர்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் இறக்கை ஆன்டி-ஐஸ், அதாவது இறக்கையில் பனி படியாமல் தடுக்கும் அமைப்பின் வேலையைக் கொடுத்தால் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பத் தடுக்குகிறார்கள். ஒன்று, வேலையின் வரிசை மாறுகிறது. இல்லாவிட்டால், எதையும் பார்க்காமலே வால்வைக் கழற்றுகிறார்கள். அதனால் வரிசையை முன்வைத்தே எழுதுகிறேன்.

இங்கே அதிகம் கைக்கு வருவது ஏர்பஸ் ஏ320 விமானக் குடும்பம் என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன். போயிங் 737-உம் சிறிய ப்ரொப்பெல்லர் விமானமான ஏடிஆரும் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவு, தோலில் அனுமதிக்கும் பள்ளத்தின் எல்லை போன்றவற்றை இதிலிருந்து எடுக்காதீர்கள். அவை அந்தந்த விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் மட்டுமே இருக்கின்றன, திருத்தத்துக்குத் திருத்தம் மாறவும் செய்யும்.

1. முதலில் காற்றின் பாதையை மனதில் ஏற்றுங்கள்

சென்னையில் யாரும் இறக்கையில் பனியைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த வேலை இங்கே இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. ஆனால் நம் தலைக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர், அதாவது 16,000 அடி உயரத்தில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் அதற்கு மேலேயும் தண்ணீர் உறையாமல் துளியாகவே மிதக்கும். இறக்கையின் முன்விளிம்பு பட்டதும் அந்தத் துளி பனிக்கட்டியாகிவிடும். இங்கே கிளம்பிய விமானம் சில நிமிடங்களிலேயே அந்த உயரத்தைக் கடக்கிறது. ஆகவே இது டெல்லி, ஸ்ரீநகர்க்காரர்களின் வேலை மட்டுமல்ல.

ஏ320-இல் எஞ்சினிலிருந்து எடுக்கும் ப்ளீட் காற்று சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்டு வருகிறது. இறக்கைக்கு ஒரு வால்வ். அதைத் தாண்டிய காற்று டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியாக, நீளவும் சுருங்கவும் கூடிய டெலஸ்கோபிக் டக்ட்டுக்குள் போய் மூன்றாவது ஸ்லாட்டை, அதாவது இறக்கையின் முன்விளிம்பில் முன்னால் நீளும் பலகைகளில் மூன்றாவதை, அடைகிறது. அங்கிருந்து நான்கு, ஐந்து. ஸ்லாட்டுக்குள்ளே புல்லாங்குழல் போல வரிசையாகத் துளை போட்ட பிக்கோலோ குழாய் இருக்கிறது. துளைகளில் பீய்ச்சும் காற்று முன்விளிம்புத் தோலை உட்புறமிருந்து சூடாக்கிவிட்டு அடிப்பக்கத் துவாரங்கள் வழியே வெளியேறுகிறது.

ஏ320-இல் சூடாவது வெளிப்புற மூன்று ஸ்லாட்டுகள். 737-இல் உட்புற மூன்று. ஒரு விமானத்தில் பழகியவர்கள் அடுத்ததுக்குப் போகும்போது தவறான ஸ்லாட்டின் கீழே நின்று "காற்றே வரவில்லை" என்று சொல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த ஸ்லாட் என்பதை டாஸ்க் கார்டில் (வேலையின் படிகளைச் சொல்லும் தாளில்) விரல் வைத்துப் படித்துவிட்டு ஏணியை நகர்த்துங்கள்.

2. விமானத்தைத் தொடும் முன்

டாஸ்க் கார்டு அந்த விமானத்துக்கே உரியதா என்று பாருங்கள். ஒரே மாடல் என்றாலும் மாற்றங்கள் செய்த விமானத்தில் பாகத்தின் எண்ணும் சீல் வகையும் வேறாக இருக்கும்.

அடுத்தது டெக் லாக், அதாவது விமானத்தின் பழுதையும் வேலையையும் எழுதும் பதிவேடு. இன்றைய ஸ்னாக்கை (புகாராக வந்த பழுதை) மட்டும் படித்தால் போதாது. பின்னோக்கிப் புரட்டி, அதே இறக்கையில், அதே ப்ளீட் லைனில் அண்மையில் என்ன வேலை நடந்தது என்று தேடுங்கள். ஸ்லாட் கழற்றி மாட்டியிருந்தால், பறவை மோதியிருந்தால், பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். பறப்புக்குப் பின் வரும் பிழைப் பட்டியலையும் பிரின்ட் எடுத்துக் கையில் வையுங்கள். விமானி எழுதியது ஒரு வரி. எந்த நேரத்தில், எந்தக் கட்டத்தில், எந்தப் பிழையோடு சேர்ந்து வந்தது என்பதைக் கணினி சொல்லும்.

ஸ்டோரில் கேஸ்கட்டும் சீலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கழற்றிய பிறகு இல்லை என்று தெரிந்தால் பழையதையே திருப்பிப் போடும் ஆசை வரும். சூட்டில் ஒருமுறை அமுங்கிய சீல் மறுபடி அதே இடத்தில் அமராது.

அளவீட்டுத் தேதி தாண்டாத டார்க் ரெஞ்ச், கண்ணாடி, டார்ச், போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கருவி), மல்டிமீட்டர், வெப்பக் கையுறை, எச்சரிக்கை அட்டைகள், திறந்த குழாய் வாயை மூடும் மூடிகள். இவ்வளவும் தளமேடைக்கு வந்த பிறகே ஏறுங்கள். ஹெட்செட் போட்ட ஒருவர் காக்பிட்டில், ஒருவர் கீழே. தனியாகச் செய்யும் வேலை அல்ல இது.

3. ஸ்லாட்டைப் பூட்டுங்கள், பிறகு கை வையுங்கள்

உள்ளே இருக்கும் டெலஸ்கோபிக் டக்ட்டைப் பார்க்க ஸ்லாட்டை நீட்ட வேண்டும். நீட்டிய ஸ்லாட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் உங்கள் கையும் தலையும் இருக்கப்போகின்றன. ஹைட்ராலிக் விசையில் ஸ்லாட் உள்ளே வந்தால் நிறுத்த யாராலும் முடியாது. ஆகவே இந்த வரிசையில் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள்.

கீழே ஆள் இல்லை என்று உறுதி செய்து ஸ்லாட்டை நீட்டுங்கள். ஃபிளாப் லீவருக்குப் பூட்டுக்கருவி போட்டு எச்சரிக்கை அட்டை மாட்டுங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்குங்கள். கார்டு சொல்லும் சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்து, கிளிப்பும் அட்டையும் போடுங்கள். எஞ்சின் ப்ளீட், ஏபியு (வாலில் உள்ள துணை எஞ்சின்) ப்ளீட், தரைக் காற்று வண்டி மூன்றும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு டக்ட்டில் அழுத்தம் பூஜ்ஜியம் என்பதைக் காக்பிட் திரையில் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும்.

கடைசி வரியைப் புதியவர்கள் தாண்டிவிடுகிறார்கள். ப்ளீட் சுவிட்ச் அணைந்தால் குழாயில் காற்று இல்லை என்று நினைக்கிறார்கள். அடைபட்ட பகுதியில் சூடான காற்று அழுத்தத்தோடு நிற்கலாம். கிளாம்ப்பைத் தளர்த்தும் நொடியில் அது முகத்துக்கு வரும். இப்போதுதான் இறங்கிய விமானம் என்றால் குழாய் ஆறும்வரை காத்திருங்கள். ஷிஃப்ட் முடியப்போகிறது என்பது காரணமே அல்ல.

4. வெளியிலிருந்து பார்த்தல்

பார்க்க ஆரம்பிக்கும் முன் துடைத்துவிடாதீர்கள். அழுக்கின் கோடுகள்தான் முதல் சாட்சி. கசியும் சூடான காற்று பழுப்பு, கறுப்புத் தடம் விட்டுச் செல்லும். துடைத்துவிட்டால் அந்தத் தகவல் போய்விட்டது.

முன்விளிம்பில் பள்ளம், விரிசல், பெயிண்ட் நிறம் மாறிய இடம், துரு எல்லாம் தேடுங்கள். நிறம் மாறியிருந்தால் அங்கே சூடு எல்லை மீறியிருக்கலாம். பள்ளம் சிறியதுதானே என்று அளந்து எழுதிவிட்டு நகராதீர்கள். பறவை மோதிய பள்ளத்துக்குப் பின்னால் பிக்கோலோ குழாய் நெளிந்திருக்கலாம். வெளித்தோல் எல்லைக்குள் இருந்தாலும் போரோஸ்கோப் உள்ளே போக வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள்.

அடிப்பக்கத் துவாரங்கள் அடைபட்டிருக்கின்றனவா என்பது அடுத்தது. நம்மூரில் சில நாள் நிறுத்திவைத்த விமானத்தில் குளவி மண்கூடு கட்டிவிடும். பெயிண்ட் அல்லது வாஷ் முடித்தவர்கள் ஒட்டிய டேப், வழிந்த சீலன்ட் இவையும் உண்டு. காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் வால்வ் திறந்திருந்தும் தோல் சூடாகாது. கம்பியால் குத்தி அடைப்பெடுக்காதீர்கள். மண் உள்ளே விழுந்து பிக்கோலோ துளையில் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எடுக்கும் வழியில்தான் எடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில் வடக்கே இரவு தங்கி வந்த விமானம் என்றால் இன்னொன்று. அங்கே தெளிக்கும் கெட்டியான ஆன்டி-ஐஸிங் திரவம் இடுக்குகளில் காய்ந்து தங்கும். பிறகு மழையில் நனைந்து ஊறி, மேலே போனதும் உறையும். ஸ்லாட் இடுக்கிலும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் கீல்களிலும் பிசுபிசுப்பு இருந்தால் கையேடு சொல்லும் முறையில் கழுவுங்கள்.

5. உள்ளே: டக்ட், சீல், சென்சிங் லூப்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். என் அனுபவத்தில் வால்வைவிட அதிகமாகத் தொந்தரவு தருவது வால்வைச் சுற்றியுள்ளவை.

டெலஸ்கோபிக் டக்ட்டின் உள்குழாயில் நீளவாக்கில் கீறல் தெரிகிறதா? சீல் விளிம்பு கிழிந்திருக்கிறதா? ஸ்லாட் ஒவ்வொரு தடவை நீளும்போதும் இந்தக் குழாய் உரசிக்கொண்டே போகிறது. தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்தால் தேய்மானம் கூடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சீலை மாற்றுவதோடு நிற்காதீர்கள். குழாய் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். தாங்கும் பிடிப்புகளைப் பாருங்கள், இல்லையென்றால் புது சீலும் அதே வழியில் போகும்.

கிளாம்ப்புகளில் டார்க் கோடு நேராக இருக்கிறதா, இன்சுலேஷன் உறை கிழிந்திருக்கிறதா, டக்ட்டை ஒட்டிய வயர் கட்டில் உரசல் இருக்கிறதா என்று வரிசையாகப் போங்கள். வால்விலிருந்து ஆரம்பித்து ஸ்லாட் வரை ஒரே திசையில் நகருங்கள். அங்கொன்று இங்கொன்றாகப் பார்ப்பவர்கள் நடுவில் ஒரு கிளாம்ப்பைத் தவறவிடுவது நிச்சயம்.

இனி லூப். டக்ட் ஓரமாக ஓடும் மெல்லிய உலோகக் குழாய்தான் கசிவு கண்டுபிடிக்கும் சென்சிங் எலிமென்ட். உள்ளே ஒரு கம்பி, சுற்றிலும் உப்புக் கலவை ஊறிய பீங்கான் பொருள். குறித்த வெப்பம் வந்ததும் அந்த உப்பின் மின்தடை சட்டென்று விழுந்து, கம்பி வெளிக்குழாயோடு இணைந்ததுபோல் ஆகி எச்சரிக்கை வரும். ஏ320-இல் இறக்கைப் பகுதிக்கு 124 டிகிரி, எஞ்சினைத் தாங்கும் பைலனுக்கு 204 டிகிரி. இறக்கையில் ஏ, பி என்று இரண்டு லூப் ஓடுகின்றன. இரண்டும் வேலை செய்யும்போது இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் கசிவு என்று கணினி ஏற்கும். வீண் எச்சரிக்கையைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

லூப்பைக் கைப்பிடியாகப் பிடிக்கவோ, பிளையரால் வளைத்து "நேராக்கவோ" கூடாது. உள்ளே பீங்கான் நொறுங்கினால் வெளியே எதுவும் தெரியாது. கிளிப்பின் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்து லூப் உலோகத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் லூப் எச்சரிக்கை வந்தால் முதலில் கனெக்டரைத் திறந்து ஈரமும் பச்சைப் பூச்சும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் மின்தடையைக் குறைக்கும். கணினிக்கு அது சூடு மாதிரியேதான் தெரியும்.

6. தரைச் சோதனை

தரையில் இறக்கையைக் குளிர்விக்க எதிர்க்காற்று இல்லை. அதே சூடான காற்றைத் தொடர்ந்து விட்டால் அலுமினியத் தோல் கெட்டுவிடும். அதனால் ஏ320-இல் காக்பிட்டில் உள்ள ஆன்டி-ஐஸ் விங் பட்டனைத் தரையில் அழுத்தினால் வால்வ் 30 நொடி மட்டும் திறந்து தானே மூடிக்கொள்ளும். 737-இல் தரையில் டக்ட் வெப்பம் எல்லை தாண்டினாலோ எஞ்சின் விசையை (த்ரஸ்ட்) ஏற்றினாலோ வால்வ் மூடும். மூடியதைப் பழுது என்று எழுதிவிடாதீர்கள்.

கார்டு சொல்லும் மூலத்திலிருந்து காற்று கொடுங்கள். பட்டனை அழுத்தும் முன் ப்ளீட் அழுத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏ320 வால்வுக்கு மின்சாரம் கட்டளை மட்டும்தான் தருகிறது, திறக்கும் விசை காற்றிலிருந்தே வருகிறது. காற்று போதாவிட்டால் நல்ல வால்வும் திறக்காது. இதைக் குறிக்காமல் சோதித்து, நல்ல வால்வைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்புவதுதான் இந்த வேலையில் நான் பார்க்கும் மிகப் பெரிய விரயம்.

கீழே நிற்பவர் ஸ்லாட்டிலிருந்து விலகி நின்று மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: காற்று வெளியேறும் சத்தம் இரண்டு இறக்கையிலும் ஒரே சமயத்தில் தொடங்குகிறதா, துவாரங்களைத் தவிர வேறெங்காவது காற்று வருகிறதா, நிற்கும்போது முழுதாக நிற்கிறதா. கையை வைத்துச் சூடு பார்க்காதீர்கள். கார்டு அனுமதித்தால் வெப்பமானியால் மூன்று ஸ்லாட்டையும் அளந்து, மறு இறக்கையோடு ஒப்பிடுங்கள்.

737-இல் வால்வ் விளக்கு பளிச்சென்ற நீலத்தில் எரிந்தால் வால்வ் நகர்கிறது அல்லது சுவிட்சோடு ஒத்துப்போகவில்லை. மங்கலான நீலம் என்றால் திறந்திருக்கிறது. பளிச்சென்று நிலைத்து நின்றால்தான் கவலை.

மறுபடி சோதிக்க வேண்டுமா? ஆறவிடுங்கள். பட்டனைத் தொடர்ந்து அழுத்தி அழுத்திப் பார்ப்பது அந்த 30 நொடிப் பாதுகாப்பையே வீணாக்கும்.

7. ஸ்னாக் வந்தால் தேடும் வரிசை

வால்வ் திறக்கவில்லை என்ற புகாரா? முதலில் காற்று வருகிறதா. அடுத்து கட்டளை வருகிறதா, அதாவது சர்க்யூட் பிரேக்கர், கனெக்டர், வயர். அதன் பிறகுதான் வால்வ்.

அழுத்தம் குறைவு என்றால் இரண்டு சாத்தியம். உண்மையிலேயே குறைவு, அல்லது அழுத்தத்தைச் சொல்லும் சுவிட்ச் பொய் சொல்கிறது. வெளியேறும் காற்று இரு இறக்கையிலும் சமமாக இருந்து திரை மட்டும் புகார் சொன்னால் சுவிட்ச் பக்கம் போங்கள். சமமாக இல்லாவிட்டால் டெலஸ்கோபிக் டக்ட், அடுத்து ஸ்லாட்டுகளுக்கு இடையிலான இணைப்புக் குழாய்கள்.

கடைசி ஸ்லாட் மட்டும் குளிர்ந்திருந்தால் நான்குக்கும் ஐந்துக்கும் இடையே தேடுங்கள். மூன்றுமே குளிர்ந்திருந்தால் காற்று வரும் பக்கம், வால்வை நோக்கிப் போங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

கசிவு எச்சரிக்கை வந்தால், லூப்பின் பழுது என்று முடிவு கட்டும் முன் டக்ட்டைக் கண்ணால் பாருங்கள். லூப்பை மாற்றிவிட்டு உண்மையான கசிவை விட்டுவிட்டால் அந்தச் சூடான காற்று இறக்கையின் கட்டமைப்பு மீதும் வயர் மீதும் வீசிக்கொண்டேயிருக்கும். இதில் மட்டும் அவசரத்துக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

8. கழற்றி மாட்டுதல்

மணலி ஆலைகளில் ஷட்டவுன் வேலைக்குப் போய்க் குழாய் மாட்டிப் பழகிய பையன்களுக்கு கிளாம்ப் புதிதல்ல. ஆனால் அங்கே பழகிய கை "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கும். இங்கே மெல்லிய சுவர் டக்ட். அதிகம் இறுக்கினால் கிளாம்ப் நீண்டுவிடும், ஃபிளேஞ்ச் எனும் குழாய் விளிம்பு நெளியும்.

புது கேஸ்கட் வைத்து, இரண்டு முனையும் தானாக நேருக்கு நேர் வருகிறதா என்று பாருங்கள். கிளாம்ப்பால் இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தால் ஏதோ தவறு. வி-கிளாம்ப்பைக் கார்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, சுற்றிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். தட்டும்போது கிளாம்ப் சமமாக உட்காரும், முதலில் காட்டிய டார்க் இறங்கியிருக்கும். இரண்டாம் முறை இறுக்காமல் விட்டால் சில பறப்புகளில் கசிவு.

வால்வின் மேலே உள்ள அம்புக்குறி காற்று ஓடும் திசையில் இருக்க வேண்டும். கழற்றிய குழாய் வாயை உடனே மூடிவிடுங்கள், டீ குடிக்கப் போகும் நேரத்துக்குக்கூட திறந்து வைக்காதீர்கள்.

9. ஏடிஆர் என்றால்

ஏடிஆர் இறக்கையில் சூடான காற்று இல்லை. முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் பூட் காற்றில் உப்பி, படிந்த பனியை உடைத்துத் தள்ளுகிறது. மற்ற நேரத்தில் உறிஞ்சல் அதைத் தட்டையாகப் பிடித்து வைக்கிறது. ஊசித்துளை, வெட்டு, ஓரம் பெயர்ந்து காற்றுக்குமிழ் ஆன இடம், ரப்பர் வெடிப்பு இவற்றைத் தேடுங்கள். மிதமான சோப்புத் தண்ணீரால் கழுவி, நிழலில் வைத்துப் பார்த்தால் வெடிப்பு நன்றாகத் தெரியும். பெட்ரோல், தின்னர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், ரப்பர் ஊறி உயிரை விடும். ஏணியை பூட் மீது சாய்ப்பதும் எரிபொருள் ஹோஸை அதன் மேல் இழுப்பதும் இங்கே அடிக்கடி நடக்கும் சேதங்கள்.

உப்பவிட்டுச் சோதிக்கும்போது எல்லாப் பகுதியும் வரிசைப்படி உப்பி, முழுதாகத் தட்டையாகிறதா என்று பாருங்கள். மெதுவாக அமுங்கும் பகுதியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம்.

10. மூடுதல், எழுதுதல்

கருவிகளை எண்ணுங்கள். ஆள் விலகியதும் அட்டைகளையும் பூட்டையும் எடுத்து, ஸ்லாட்டை முழுதாக உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். டெலஸ்கோபிக் டக்ட் சிக்காமல் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு மீண்டும் தரைச் சோதனை.

பாகம் கிடைக்காமல் எம்இஎல் (எந்தப் பழுதோடு பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) அனுமதியில் வால்வை மூடிப் பூட்டி அனுப்ப நேர்ந்தால், அந்த விமானம் பனி படியும் சூழலுக்குள் போகக் கூடாது. வெப்பம் 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியும் மேகம் அல்லது மழை என்றாலே அந்தச் சூழல்தான். வடகிழக்குப் பருவமழையில் சென்னையிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு இது பெரிய கட்டுப்பாடு, ஆகவே கட்டுப்பாட்டு அறையிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

லாகில் "சரிபார்க்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஸ்லாட், என்ன கண்டீர்கள், ப்ளீட் அழுத்தம் எவ்வளவு இருந்தது, எந்தச் சீல் மாற்றப்பட்டது, கையேட்டின் எந்தப் பத்தி, சோதனை முடிவு என்ன, எல்லாம் இருக்க வேண்டும். விடுவிப்புக் கையெழுத்து, நிறுவனம் அதிகாரம் கொடுத்த உரிமம் பெற்ற பொறியாளருடையது. அவர் கேட்கும் முன் கழற்றிய பழைய சீலை அவர் கையில் கொடுங்கள், தேய்ந்த பக்கத்தை அவரே பார்க்கட்டும்.

அடுத்த ஷிஃப்ட்காரரிடம் வாய்ப்பேச்சாகவும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அந்த விமானம் திரும்பியதும் பிழைப் பட்டியலை எடுத்து, ஆன்டி-ஐஸ் பயன்படுத்தினார்களா, இரண்டு பக்கமும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.